சாமி கண்ணைக் குத்தாது

"டீச்சர், நான் பொய் சொன்னேன். சாமி கண்ணக் குத்தவே இல்ல."

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவார வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, யாருக்கும் கேட்காதபடி இதைச் சொன்னான். முகத்தில் பயம் இல்லை. கணக்கைச் சரியாகப் போட்டும் விடை வேறாக வந்துவிட்ட பிள்ளையின் முகம். முப்பத்து மூன்று வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான், அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

விசாரித்தேன். அம்மாவின் செல்போனைக் கீழே போட்டு உடைத்தது இவன். தங்கச்சிதான் போட்டாள் என்று சொல்லிவிட்டான். நாலு வயசுத் தங்கைக்கு முதுகில் இரண்டு அடி விழுந்தது. அன்று ராத்திரி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டே படுத்திருக்கிறான். காலையில் எழுந்து கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணும் வைத்த இடத்தில் இருந்தன.

அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லாத தமிழ் வீடு உண்டா? நானும் சொல்லியிருக்கிறேன், என் பிள்ளைகளிடமே. அப்படிச் சொல்லும்போது பக்தியையும் நேர்மையையும் ஒரே வீச்சில் ஊட்டிவிட்டதாக நினைப்பு. பிள்ளை ஒருநாள் சோதித்துப் பார்க்கும். கண் போகாது. அன்றைக்கே பொய் சொல்லலாம் என்று தெரிந்துகொள்ளும், கூடவே சாமி சும்மா என்றும் தெரிந்துகொள்ளும். ஒரு வாக்கியத்தில் இரண்டு நஷ்டம்.

பண்ருட்டிப் பக்கம் எங்கள் வீடு. பலா, முந்திரி என்றால் எல்லோருக்கும் தெரிந்த ஊர். ஓய்வு பெற்ற பிறகு, தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலை பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறேன். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள், பொங்கல் உண்டென்றால் முப்பது. மாதம் ஒருமுறை திருவதிகைக் கோயிலுக்கு உழவாரப் பணிக்குக் கூட்டிப்போவேன். பாட்டை விடப் பிராகாரத்தில் புல் பிடுங்குவதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தேவாரம் பாடிய அப்பர் கையில் இருந்ததும் புல் செதுக்குகிற கருவிதானே.

அப்பர் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். திருவாமூரில் பிறந்தவர், அக்கா திலகவதியார் வளர்த்த தம்பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அந்த வீட்டின் கதை இருக்கிறது. அப்பா நோயில் இறந்தார், அம்மாவும் கூடவே போனார். அக்காவுக்குப் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தியும் வந்தது. உயிரை விட நினைத்த அக்காவின் காலில் தம்பி விழுந்து அழுதான். அவனுக்காக அவர் உயிர் தரித்தார்.

அப்படி வளர்த்த தம்பி, வளர்ந்ததும் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்துக்குப் போய்விட்டார். பாடலிபுத்திரம் என்றதும் பிள்ளைகள் வடக்கே கையைக் காட்டுவார்கள். இது நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். இந்த இடத்தில் நான் வகுப்பில் கொஞ்சம் நிதானிப்பேன். சமணர்களை வில்லன்களாக்கிக் கதை சொல்வது சுலபம். பிள்ளைகள் கைதட்டுவார்கள், வீட்டுக்குப் போகும்போது இன்னொருவர் சாமியை மட்டமாக நினைக்கக் கற்றுக்கொண்டு போவார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டாம். நான் சொல்ல வருவது அக்காவைப் பற்றி.

தம்பிக்குச் சூலை நோய் கண்டது. தாங்க முடியவில்லை. சமையல்காரரை அனுப்பி அக்காவை வரச் சொன்னார். அக்கா அங்கே வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். கொள்கையில் அவ்வளவு உறுதி. ஆனால் அன்று இரவே தம்பி தட்டுத் தடுமாறி வந்து காலில் விழுந்தபோது, "இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய்?" என்ற ஒரு கேள்வியாவது கேட்டாரா? கேட்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. திருநீற்றைக் கொடுத்தார், விடியலில் அலகும் மெழுக்குச் சாணமுமாகக் கோயிலுக்குப் புறப்பட்டபோது தம்பியையும் கூட அழைத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

தப்பு செய்துவிட்டு எந்த வாசலுக்குத் திரும்பி வரலாம் என்பது அந்தத் தம்பிக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுப்பது என்றால் முதலில் அந்த வாசலைக் கட்டி வைப்பது என்று நினைக்கிறேன். வாசலில் பிரம்போடு நிற்பவர்களிடம் யார் வந்து உண்மையைச் சொல்வார்கள்?

பிரம்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. முதல் இருபது வருஷம் பிரம்பு இல்லாமல் வகுப்புக்குள் போனதில்லை. என் வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகள் குறைவு என்ற பெருமையும் இருந்தது. குறைவாக மாட்டினார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

கல் மிதந்த கதைக்கு வந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். சமணத்தை விட்டுத் திரும்பி வந்ததற்காக அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், கல் மிதந்து கரை சேர்ந்தது, இல்லையா? "கல் மிதக்குமா டீச்சர்?" என்று ஒருத்தி. "தெர்மாகோல்னா மிதக்கும்" என்று இன்னொருவன். நான் கல்லை விட்டுவிடச் சொல்வேன். அதற்கு முன்னால் ஓர் இடம் இருக்கிறது. அரசன் கூப்பிடுகிறான் என்று ஆட்கள் வந்து நின்றபோது, வரமாட்டேன், அவன் ஆணைக்கு நான் கட்டுப்பட்டவன் இல்லை என்று சொன்னாரே, அந்த இடம். அப்போது கல் மிதக்கும் என்று அவருக்குத் தெரியாது. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைப்பார்கள் என்றும் தெரியாது. முடிவு தெரிந்துவிட்டால் துணிச்சல் எதற்கு?

பயத்துக்கும் சாமிக்கும் உள்ள கணக்கை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவள் என் ஆயா. எங்கள் தோப்பில் அடிபெருத்த பலா மரம் ஒன்று உண்டு, பொழுது சாய்ந்தால் அதைத் தாண்டிப் போகமாட்டேன். ஆயா என் நெற்றியில் விபூதி வைத்து, "இப்போ போ. நீ மட்டும் தனியாப் போகல" என்பாள். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டதற்கு, "போய்ப் பாரு" என்றாள். போனேன். மரம்தான் இருந்தது. திரும்பி வந்தபோது என்னை நானே கொஞ்சம் உயரமாக உணர்ந்தேன்.

கல்லூரியில் படிக்கும்போது காந்தியின் சுயசரிதையைப் படித்தேன். போர்பந்தரில் அவர் வீட்டில் ரம்பா என்று ஒரு செவிலித்தாய். குழந்தை காந்திக்குப் பேய், பிசாசு என்றால் பயம். ராம நாமத்தைச் சொல், பயம் போகும் என்று அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அன்று விதைத்த விதை வீண்போகவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதுகிறார். படித்ததும் என் ஆயாவைக் குஜராத்தில் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு கிழவிகளும் சாமியை ஒரே வேலைக்குத்தான் கூப்பிட்டார்கள்: பயத்தைப் போக்க. நாம்தான் சாமிக்குக் கண்ணைக் குத்துகிற உத்தியோகம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

காந்தி வீட்டில் இன்னொரு காட்சி. அவருக்குப் பதினைந்து வயது இருக்கும். அண்ணனுக்கு இருபத்தைந்து ரூபாய் கடன். அண்ணன் கையில் இருந்த தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி விற்றுக் கடனை அடைத்தார்கள். பிறகு மனசு பொறுக்கவில்லை. அப்பாவிடம் வாயால் சொல்லத் துணிவு வராமல் ஒரு காகிதத்தில் எழுதி, தண்டனையும் கேட்டு, இனித் திருடுவதில்லை என்று உறுதியும் சொல்லி நீட்டினார். கரம்சந்த் காந்தி நோயாளி, பலகைக் கட்டிலில் படுத்திருந்தவர். எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்து காகிதத்தை நனைத்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார், காகிதத்தைக் கிழித்துப் போட்டார், மறுபடி படுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் கரம்சந்த் சட்டென்று கோபப்படுகிற மனிதர் என்று மகனே எழுதியிருக்கிறார். அந்தக் கோபக்காரர் அன்று அழுதார். அப்பா அவ்வளவு அமைதியாக இருந்தாரே என்று மகன் வியந்து எழுதியிருக்கிறார்.

இதற்கு நேர் எதிரான அப்பா ராமேசுவரத்தில் இருந்தார். அப்துல் கலாமின் அப்பா ஜைனுலாபுதீன். மசூதித் தெருவில் வீடு, ஐந்து வேளைத் தொழுகை, கோயிலின் பெரிய குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் நெருங்கிய சிநேகிதர். ராமேசுவரம் பஞ்சாயத்துத் தலைவராக அவர் இருந்த சமயம், கலாம் வீட்டில் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் தலைவருக்கு என்று சில பொருள்களைக் கொடுக்க வந்தார். அப்பா தொழுகைக்குப் போயிருந்தார். பையன் கட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னான். திரும்பி வந்த அப்பா பிரித்துப் பார்த்தார். துணி, பழம், இனிப்பு. அவருக்கு வந்த கோபத்தில் கலாமுக்கு அடி விழுந்தது. அப்பா கையால் வாங்கிய முதல் அடி என்று பின்னாளில் மேடைக்கு மேடை சொன்னார் கலாம். பையன் அழுத பிறகு அப்பா தோளைத் தொட்டு உட்காரவைத்து, பதவியில் இருப்பவனுக்கு வருகிற பரிசு எதற்காக வருகிறது என்பதை அவருடைய மார்க்கம் சொல்லும் வழியில் எடுத்துச் சொன்னார்.

பெற்றோர் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொன்னால் அப்பாக்கள் உடனே தலையாட்டுவார்கள். "பாத்தீங்களா, அடிச்சாத்தான் டீச்சர் ஏறும்." எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. அந்தக் காலத்தில் அடி வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் கலாம் ஆகவில்லை. எனக்கு அதில் படுவது வேறு. வந்த பொருள் அந்த வீட்டுக்கு நிச்சயம் தேவைப்பட்டிருக்கும். சின்ன வயதிலேயே செய்தித்தாள் போட்டுச் சம்பாதித்த பையன் இருந்த வீடு அது. அந்த வீட்டில் இலவசமாக வந்த துணியைப் பார்த்து அப்பாவுக்குச் சந்தோஷம் வராமல் கோபம் வந்தது. பையன் பார்த்தது அதைத்தான். அடி விழாமல் இருந்திருந்தாலும் அந்தக் கோபத்தை அவன் மறந்திருக்க மாட்டான்.

அழுத அப்பாவுக்கும் அடித்த அப்பாவுக்கும் பொதுவாக இருந்தது ஒன்று: இருவரும் தப்பைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. நாம் பெரும்பாலும் அழுவதும் இல்லை, காரணம் சொல்வதும் இல்லை. "விடு, சின்னப் புள்ள" என்போம், இல்லாவிட்டால் கண்ணைக் குத்தும் என்போம்.

எங்கள் வீட்டுப் பாடம் முந்திரியில் நடந்தது. அம்மா ஒரு வியாபாரிக்காக வீட்டிலேயே பயறு ரகம் பிரிப்பார். எங்கள் ஊரில் முந்திரிப் பருப்பைப் பயறு என்றுதான் சொல்வோம். ஒரு பவுண்டு எடைக்கு 240 பயறுக்குள் நின்றால் அது 240 ரகம், 320 வரை போனால் 320 ரகம். பெரிசாக இருந்தால் விலை கூட. பத்து வயதில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. டின்னில் அடியில் சின்னதைப் போட்டு மேலாகப் பெரிய பயறாக அடுக்கி வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. டின்னை அப்படியே முறத்தில் கவிழ்த்தார். அடியில் இருந்ததெல்லாம் மேலே வந்துவிட்டது.

"வாங்கறவன் இப்படித்தான் கொட்டுவான்" என்றார். மறுபடி பிரிக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி எட்டு மணிவரை பிரித்தேன்.

சாமி பேரைச் சொல்லாமல் அம்மா அதைச் செய்தார் என்பது இப்போது நினைத்தால்தான் தெரிகிறது. இத்தனைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் திருவதிகை போகிறவர்.

சாமி பேரைச் சொல்லியே கோணல் பண்ணவும் முடியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உழவாரத்தின்போது ஒரு சிறுமிக்குப் புல்லுக்குள் இருநூறு ரூபாய்த் தாள் கிடைத்தது. யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். "சாமி குடுத்தது." கஷ்டப்படுகிற குடும்பம், நான் அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் அந்தப் பெண் தேவார நோட்டுக்குள்ளிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஏம்மா திருப்பிக் கொண்டுவந்தே?"

"அம்மா சாமி குடுத்ததுன்னாங்க. சாமிகிட்ட ஏது டீச்சர் இருநூறு ரூபா? யாரோ தொலைச்சதுதானே."

வீட்டில் கேட்டுவிட்டா எடுத்து வந்தாள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டுமா என்று இன்றும் யோசிக்கிறேன். கோயில் அலுவலகத்தில் கொடுத்தோம். அவளுக்கு வயது எட்டு.

2011-ஆம் வருஷம் டிசம்பர் 30, தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. விடிந்து பார்த்தால் எங்கள் பக்கம் முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு மல்லாந்து கிடந்தது. பலா மரங்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆயா நட்டதெல்லாம் போயிற்று. நான் பயந்த அந்த அடிபெருத்த மரமும்தான்.

நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க ஆள் வந்த அன்று நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் மகனுக்கு அப்போது பத்து வயது. காலையிலிருந்தே தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்த பலா மரங்களை எண்ணி, கணக்கு நோட்டில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தான். நாற்பத்து மூன்று. பக்கத்துத் தோப்புக்காரர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "எழுபதுன்னு சொல்லு. மரம் மேல மரம் கெடக்கு, யாரு பிரிச்சு எண்ணப்போறா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் எல்லாம் போயிருந்தது.

வந்தவர் கேட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. மகன் நோட்டோடு பக்கத்தில் நின்றான். "நாப்பத்து மூணு" என்றார் அண்ணன்.

அந்த இருபத்தேழு மரத்துக்காக அண்ணி ரொம்ப வருஷம் சண்டை போட்டார். அந்தப் பணம் வந்திருந்தால் பின்கட்டுக்கு ஓடு மாற்றியிருக்கலாம், ஒழுகுகிற இடத்தில் அண்டா வைத்திருக்க வேண்டாம். அண்ணி சொன்னது நியாயமும்கூட. உண்மை சொன்னதற்காக எங்கிருந்தும் எதுவும் வந்து சேரவில்லை. பிள்ளைகளிடம் இதை மறைக்கக் கூடாது என்பது என் கட்சி. உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், நடக்காத அன்று நம்மையும் சேர்த்து நம்ப மாட்டார்கள். கண்ணைக் குத்தாத சாமி கதைதான் மறுபடியும்.

பல வருஷம் கழித்து அண்ணன் என்னிடம் சொன்னார்: "பையன் பக்கத்துல இல்லன்னா எழுபதுன்னுதான் சொல்லியிருப்பேன்."

அப்பாதான் மகனுக்கு நேர்மையைக் கற்றுக்கொடுத்தார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது?

எல்லா வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது, பிள்ளைகள் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தண்டல்காரர் வாசலில் நிற்கும்போது "அப்பா இல்லன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறோம். பிள்ளை போய், "அப்பா இல்லைன்னு சொல்லச் சொன்னாரு" என்கிறது. நாம் ஜோக்கு என்று சிரிக்கிறோம். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை சரியாகச் சொல்லப் பழகிக்கொள்கிறது. பிறகு அது ஜோக்காக இருப்பதில்லை.

அந்தப் பையனிடம் வருகிறேன். சாமி கண்ணைக் குத்தவே இல்லை என்று சொன்னானே. குத்தாது என்றேன்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே. சாமிக்கு அது வேலையில்லை."

கொஞ்சம் யோசித்தான். "அப்போ யாருக்கும் தெரியாது."

"உன் தங்கச்சிக்குத் தெரியுமே."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. தரையில் கால் கட்டைவிரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். அம்மாவிடம் சொன்னால் அடிப்பார்களா என்று கேட்டான். அடிக்கலாம், எனக்குத் தெரியாது என்றேன். நீங்க வந்து சொல்லுங்க என்றான். வருகிறேன், ஆனால் நீதான் சொல்ல வேண்டும் என்றேன்.

இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. நடந்தோம். பலாச்சுளை விற்கிற தள்ளுவண்டி தாண்டியதும் நின்றுவிட்டான். "டீச்சர், விபூதி இருக்கா?" பையில் எப்போதும் ஒரு சம்புடம் வைத்திருப்பேன். குனிந்து பூசிவிட்டேன். "நீங்க இங்கியே இருங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனான். நான் வண்டிக்காரரிடம் இல்லாத பேரமெல்லாம் பேசிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகத்தான் பக்கத்தில் வந்தான்.

"அம்மா ரெண்டு அடி அடிச்சாங்க. அப்புறம் அழுதாங்க. அப்புறம் தோசை குடுத்தாங்க."

"தங்கச்சி?"

"அவதான் டீச்சர் இன்னும் பேசல."